வயோதிகர் வைத்தியம் யார் பொறுப்பு?

நமது ராஜ்யத்தில் முதியோர் தொகை பெருகி வருகிறது என்பது புதிய செய்தியன்று. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் அறுபது வயது நிரம்பியவர்கள் நூற்றுக்கு 10.4 பேர், அதாவது ஏறத்தாழ 75 லட்சம் பேர். சர்க்கார் நியமித்த நிபுணர் குழு இந்த விகிதம் 2021-இல் 13.6 ஆகுமென்றும், 2031-இல் 18.2 ஆகுமென்றும் மதிப்பிட்டிருக்கிறது. பெரிய ராஜ்யங்களுள் கேரளம் ஒன்றே இவ்விஷயத்தில் நமக்கு முன்னே நிற்கிறது. இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. தேசம் சுதந்திரம் அடைந்த காலத்தில் இந்தியனுடைய சராசரி ஆயுள் முப்பத்திரண்டு வயதளவே இருந்தது. இன்று எழுபதை ஒட்டி நிற்கிறது. அம்மையும் காலராவும் பிரசவ மரணமும் பின்வாங்கியதன் பலன் இது. ஆயினும், ஆயுளை நீட்டிக்கொண்ட ஜனசமூகம், நீண்ட ஆயுளைத் தாங்கும் வழி யாது என்பதைப் பற்றி இன்னும் ஒரு தீர்மானத்துக்கு வரவில்லை. நாம் இன்று எடுத்துக்கொள்ளும் விஷயம் அதுவே.

நோயுற்ற வயோதிகரைப் பேணுவது யாருடைய கடமை என்று கேட்டால் விடை சொல்லாதார் இல்லை. பிள்ளைகளின் கடமை என்பார் சர்க்கார் உத்தியோகஸ்தர். வரி கொடுக்கிறோமே, சர்க்காரின் கடமை அல்லவா என்பார்கள் பிள்ளைகள். சீட்டு எழுதிக் கொடுத்ததோடு தமது வேலை தீர்ந்தது என்று கருதுகிறார் வைத்தியர். சீட்டில் உள்ளதைக் கொடுப்பதே தமது வேலை என்கிறார் மருந்துக் கடைக்காரர். இவர்களுள் எவர் கூற்றையும் முழுப் பொய் என்று தள்ளுவதற்கில்லை. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடம் பிடிப்போர் ஆயிரம் பேர் இருக்கலாம். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத் திருப்புகிறவன் ஒருவன் இல்லாவிட்டால் தேர் வீதி திரும்பாது. முதியோர் வைத்தியத்தில் வடம் பிடிக்கக் கைகள் இருக்கின்றன. கட்டை கொடுப்பவனைத்தான் காணோம் என்பது நமது அபிப்பிராயம்.

ஒரு வீட்டில் நடப்பது

எழுபத்தெட்டு வயதுள்ள ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். இவள் எந்த ஊரிலும் எந்தத் தெருவிலும் காணக்கூடியவள். இரத்த அழுத்தத்துக்கு ஒரு டாக்டரிடமும், நீரிழிவுக்கு மற்றொரு டாக்டரிடமும் மருந்து வாங்கி வருகிறாள். முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் சீட்டில்லாமலே மாத்திரை வாங்கி விழுங்குகிறாள். இராத்திரியில் உறக்கம் வரவில்லை என்றதற்கு மூன்றாமவர் ஒருவர் தூக்க மாத்திரை கொடுத்திருக்கிறார். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்ததில்லை. வலி மாத்திரை நாளடைவில் இரத்த அழுத்தத்தை ஏற்றி, சிறுநீரகத்தையும் நலிவிக்கிறது. அழுத்தம் ஏறிவிட்டதென்று அதற்கென இன்னொரு மாத்திரை சேர்கிறது. தூக்க மாத்திரை நடையைத் தள்ளாட வைக்கிறது. நடுநிசியில் ஒருநாள் எழுந்து, விளக்கில்லாத நடையைக் கடந்து குளியலறைக்குப் போனவள் தலை சுற்றி விழுகிறாள். இடுப்பெலும்பு முறிந்து போகிறது.

இதன் பிறகு நடப்பதும் நமக்குத் தெரிந்ததே. இன்ஷூரன்ஸ் திட்டத்தின்கீழ் ஆபரேஷன் நடந்து விடுகிறது. சில தினங்களில் வீட்டுக்கு அனுப்பி விடுகிறார்கள். அவளை எழுப்பி உட்கார வைத்து, பிடித்து நடக்கப் பழக்குவது யார் என்பதைப் பற்றி ஆஸ்பத்திரியில் எவரும் கேட்கவில்லை. வீட்டிலும் எவருக்கும் தெரியவில்லை. படுத்தவள் படுத்தபடியே இருக்க, முதுகில் புண் காண்கிறது. நெஞ்சில் சளி கட்டுகிறது. சில மாதங்களில் அவள் கதை முடிகிறது. “வயசாகிவிட்டது, போய்விட்டாள்” என்று சொல்லி ஊர் கலைந்து செல்கிறது.

அவளைக் கொன்றது வயதுதானா? இந்த வரலாற்றில் கொடியவர் என்று ஒருவரும் இல்லை. டாக்டர்கள் தத்தம் நோய்க்கு மருந்து எழுதினார்கள். மகன் பணம் கொடுத்தான். மருமகள் கஞ்சி வைத்தாள். சர்க்கார் ஆபரேஷன் செலவை ஏற்றது. எல்லாரும் செய்தும் அவள் இறந்தாள். அவள் உட்கொண்ட மருந்துகள் அனைத்தையும் ஒரே மேஜையின்மீது பரப்பி ஒருவர் பார்த்திருந்தால், குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடியும் நடையில் ஒரு விளக்கும் போடும்படி ஒருவர் சொல்லியிருந்தால், ஆபரேஷனுக்குப் பின் இரண்டு வாரம் ஒருவர் வந்து அவளை நடக்கப் பழக்கியிருந்தால், அவள் இன்னும் சில ஆண்டுகள் தன் காலால் நடந்திருக்கக் கூடும். அந்த ஒருவர் யார் என்பது எந்த உத்தரவிலும் குறிக்கப்படவில்லை.

நேற்றுவரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த பெரியவர் இன்று திடீரென்று உளறுகிறார் என்றால், அது மூப்பின் இயல்பென்று விட்டு விடுகிறோம். சிறுநீரில் ஏற்பட்ட தொற்று, நெஞ்சுச் சளி, உடலில் நீர் வற்றுதல், புதிதாகச் சேர்த்த ஒரு மாத்திரை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அதற்குக் காரணமாய் இருக்கலாம். உடனே கவனித்தால் பெரும்பாலும் தெளிவு திரும்பும். இளைஞனிடத்தில் நோய் என்று நாம் ஓடுவதை, முதியவரிடத்தில் விதி என்று உட்கார்ந்து விடுகிறோம். இந்த எண்ணம் ஒழியாத வரையில் எத்தனை ஆஸ்பத்திரி கட்டியும் பயனில்லை.

குடும்பம் என்பது யார்?

முதியோரைக் காப்பது குடும்பத்தின் தர்மம் என்று மேடைதோறும் பேசுகிறோம். குடும்பம் என்னும் சொல்லுக்குள் மறைந்து நிற்பவர் யார் என்பதை மட்டும் சொல்லுவதில்லை. மலஜலம் எடுப்பதும், உடம்பு துடைப்பதும், இராக்கண் விழிப்பதும், வேளைக்கு மருந்து கொடுப்பதும் பெரும்பாலும் ஒரு பெண்ணின் வேலையாகவே இருக்கின்றன. அவள் மருமகள், அல்லது மகள், அல்லது தானே எழுபதைக் கடந்த மனைவி. அவளுக்கு இப்பணியை எவரும் கற்றுக் கொடுத்ததில்லை. இதிலிருந்து ஒரு நாள் ஓய்வு கொடுத்தவரும் இல்லை. கூலி வேலையை விட்டு அவள் வீட்டில் தங்கினால் அக்குடும்பத்தின் வருமானத்தில் பாதி போயிற்று. இவ்விழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

சட்டமும் அவளைக் காணவில்லை. 2007-ஆம் வருஷத்திய பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரைக் கடமைப்பட்டவர்களாகக் குறிக்கிறது. அன்றாடம் அக்கடமையைச் செய்யும் மருமகளின் பெயர் அதில் இல்லை. 2019-இல் மக்களவையில் கொண்டுவந்த திருத்த மசோதா அவளையும் மருமகனையும் கடமைப்பட்டோர் ஜாபிதாவில் சேர்க்க முற்பட்டது, அது சட்டமாகவில்லை. ஆனால், அவளுக்குக் கடமையை எழுதி வைக்கும் முன்னர், அவளுக்குத் தரவேண்டிய துணையை எழுதி வைப்பதல்லவா முறை?

சொல்வதற்கே நா கூசும் ஒரு செய்தியையும் இங்கு சொல்லாமல் விடுவதற்கில்லை. படுக்கையில் வீழ்ந்த முதியோரின் உயிரை வீட்டாரே போக்கிவிடும் ‘தலைக்கூத்தல்’ என்னும் வழக்கம் விருதுநகர் முதலிய தென் ஜில்லாக்களில் உள்ளதென்று 2010-இல் பத்திரிகைகளில் வெளியாயிற்று. அது கொலை; கொலையென்றே விசாரிக்கப்பட வேண்டும். வறுமையோ வழக்கமோ அதற்குச் சமாதானம் ஆகாது. எனினும், அப்படிப்பட்ட வீட்டுக்கு அதற்கு முந்திய மாதங்களில் எந்த வைத்தியர் போனார், எந்தத் தாதி போனாள், எந்தப் பஞ்சாயத்து உறுப்பினர் எட்டிப் பார்த்தார் என்று கேட்கும் கடமையும் நமக்கு உண்டு. தனித்து விடப்பட்ட குடும்பத்திடம் தர்மத்தை எதிர்பார்ப்பது எளிது. அத்தர்மத்தைத் தாங்கும் பலத்தை அதற்குத் தருவதே அரிது.

வைத்தியர்களின் பங்கு

முதியோர் வைத்தியத்தில் நமது நகரம் தேசத்துக்கே வழிகாட்டியது என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். 1978-இல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கிற்று. அதை நடத்திய டாக்டர் வி. எஸ். நடராஜனுக்குப் பின்னர் 2012-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறைக்கு எம். டி. பட்டப்படிப்பு ஏற்பட்டது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. இவையெல்லாம் நன்றே. ஆயினும், கிண்டியில் உள்ள படுக்கை கீழ்வேளூர்க் கிழவருக்குப் பயன்பட வேண்டுமானால், இடையில் ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உள்ள சாதாரண டாக்டரும் தாதியுமே ஆவர்.

படுக்கைகளின் எண்ணிக்கையே வைத்தியம் ஆகாது என்பதற்கு இங்கிலாந்தின் அனுபவம் சாட்சி. 1935-இல் மேற்கு மிடில்ஸெக்ஸ் ஆஸ்பத்திரி, பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் நோயாளர் சாலையைத் தன்வசம் எடுத்துக்கொண்டபோது, அங்கே 714 நோயாளிகள் கிடந்தார்கள். பெரும்பாலோர் முதியோர், தீராத நோயாளர் என்று முடிவுகட்டி வருஷக்கணக்காய்ப் படுக்கையில் விடப்பட்டவர்கள். டாக்டர் மார்ஜரி வாரன் என்னும் பெண்மணி அவர்களை ஒவ்வொருவராகப் பரிசோதித்து, நோயை வகுத்து, எழுப்பி நடக்கப் பயிற்றுவித்தார். அநேகர் வீடு திரும்பினர். புதிய மருந்து ஒன்றையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. “இந்த மனுஷருக்கு என்னென்ன இருக்கிறது, எதை மாற்றலாம்?” என்று முழு மனுஷரையும் ஒருவர் பார்த்ததே அவர் செய்த சிகிச்சை. அத்துறையின் ஆரம்பமே அது.

நமது வைத்தியர்களிடம் நாம் மற்றொன்றையும் விண்ணப்பித்துக்கொள்கிறோம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் தந்தை; டாக்டர் பேசுவது பின்னால் நிற்கும் மகனோடு. “அவர் சாப்பிடுகிறாரா? தூங்குகிறாரா?” என்று, எதிரே உள்ளவரைப் படர்க்கையில் வைத்து விசாரணை நடக்கிறது. காது சற்று மந்தமானால் புத்தியும் மந்தம் என்று எண்ணி விடுகிறோம். ஐம்பது வருஷம் குடும்பத்தை ஆண்டவர், தம் உடம்பைப் பற்றித் தாமே பேசும் உரிமையை ஒரே நாளில் இழந்து விடுகிறார்.

சட்டமும் சர்க்காரும்

2007-ஆம் வருஷத்திய சட்டத்தின் இருபதாவது பிரிவு வைத்தியத்தைப் பற்றியது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் மூத்த குடிமக்கள் அனைவருக்கும் படுக்கை தரவேண்டும். அவர்களுக்குத் தனி வரிசை வேண்டும். ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரியிலும் முதியோருக்கென்று ஒதுக்கிய வசதிகள், அத்துறையில் அனுபவமுள்ள ஒரு டாக்டரின் தலைமையில் இருக்க வேண்டும் என்றெல்லாம் அது கூறுகிறது. ஆனால் படுக்கையைப் பற்றிய வாசகத்தில் ‘இயன்ற வரை’ என்று ஒரு சொல்லைச் செருகியிருக்கிறார்கள். எவ்வளவு இயலும் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? கொடுக்கக் கடமைப்பட்டவரே! தமிழ்நாடு இச்சட்டத்துக்கு 2009-இல் விதிகள் செய்தது. பிள்ளைகள் கைவிட்டால் ரெவின்யூ டிவிஷனல் ஆபீசரிடம் முறையிடலாம். மாதம் 10,000 ரூபாய் வரையில் ஜீவனாம்சம் விதிக்கலாம் என்பது ஏற்பாடு. சட்டத்தில் ஜீவனாம்சம் என்பது வைத்தியத்தையும் உள்ளடக்கியதே. பிள்ளை கொடுக்காவிட்டால் கேட்பதற்கு ஓர் ஆபீசர் இருக்கிறார். சர்க்கார் கொடுக்காவிட்டால் முதியவர் போய்க் கேட்பதற்கு அச்சட்டம் எந்த ஆபீசரையும் நியமிக்கவில்லை.

மத்திய சர்க்கார் 2010-11-இல் முதியோர் சுகாதாரத்துக்கென ஒரு தேசியத் திட்டம் வகுத்து, ஜில்லா ஆஸ்பத்திரியில் பத்துப் படுக்கை வார்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரந்தோறும் முதியோர் சிகிச்சை நாள் என்று ஏற்பாடு சொல்லிற்று. 2024 அக்டோபரில், எழுபது வயது நிரம்பியோர் அனைவருக்கும் வருமான வித்தியாசமின்றி, குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம் ரூபாய் வரையில் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸ் அளிப்பதாக ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை விஸ்தரித்தது. வரவேற்கத் தக்கதே. ஆயினும் இடுப்பெலும்பு முறிந்த பின் பணம் தருகிற திட்டம், அது முறியாதபடி காக்கும் கைப்பிடிக்கும் விளக்குக்கும் ஒரு காசும் தருவதில்லை. படுக்கையில் சேர்ந்தால் லட்சம் உண்டு. வீட்டில் வந்து பார்க்கும் தாதிக்கு நூறு இல்லை.

இக்குறையை ஓரளவு நிரப்ப நமது ராஜ்யம் முயன்றிருக்கிறது. 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்கிறது. படுத்த படுக்கையாய் உள்ளோருக்கு நோவு தணிக்கும் சிகிச்சையும், உடற்பயிற்சிச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்க வழி செய்திருக்கிறது. 2024-இல் ஐக்கிய நாடுகளின் விருதும் இதற்குக் கிடைத்தது. பாராட்ட வேண்டியதைப் பாராட்டிய பின், குறையையும் சொல்ல வேண்டும். திட்டம் நோயைத் தேடிப் போகிறது. மனுஷரை முழுதாகப் பார்க்க இன்னும் கற்கவில்லை. மாத்திரை கொண்டு வரும் பெண், சுய உதவிக் குழுவிலிருந்து வந்த ‘தன்னார்வலர்’. சர்க்கார் ஊழியர் என்ற அந்தஸ்து அவளுக்கு இல்லை. கிழவருக்கு நடை தள்ளாடுவதை முதலில் காண்பவள் அவளே. கண்டதை யாரிடம் சொன்னால் நடவடிக்கை வரும் என்பது அவளுக்கு நிச்சயமில்லை.

கூலிக்கு வரும் கைகள்

நகரங்களில் புதியதொரு வர்க்கம் தோன்றியிருக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருக்க, பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் பெண்கள் வருகிறார்கள். பன்னிரண்டு மணி நேரமும் இருபத்துநான்கு மணி நேரமும் அவர்கள் வேலை செய்கிறார்கள். பலருக்குப் பயிற்சி சில நாட்களே. சிலருக்கு அதுவும் இல்லை. வீட்டார் கொடுக்கும் தொகையில் ஒரு பகுதி ஏஜென்சிக்குப் போகிறது. முதியவருக்குத் தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருக்கு என்பதும், அப்பெண்ணுக்குத் தீங்கு நேர்ந்தால் புகலிடம் எது என்பதும் ஒருங்கே தெளிவில்லாதவை. இத்தகைய ஸ்தாபனங்களைப் பதிவு செய்ய வழி சொன்னதும் மேற்குறித்த 2019-ஆம் வருஷத்து மசோதாவே. பிறர் முதுமையைத் தாங்கித் தன் இளமையைக் கழிக்கும் அப்பெண் முதியவளாகும்போது அவளைத் தாங்குவார் யார்?

நம்மிடமே உள்ள வழி

ஜப்பான் தேசத்தில் 1973-இல் எழுபது வயதுக்கு மேற்பட்டோருக்கு இலவச வைத்தியம் கொடுத்தார்கள். பராமரிக்க வீட்டில் ஆளில்லாத முதியோர் ஆஸ்பத்திரிப் படுக்கைகளிலேயே மாதக்கணக்காய்த் தங்கிவிட்டார்கள். அதன் பாடத்தைக் கற்று, 1997-இல் சட்டமியற்றி, 2000 முதல் முதியோர் பராமரிப்பு இன்ஷூரன்ஸை நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். நாற்பது வயதானவர் எல்லாரும் அதற்குச் சந்தா செலுத்துகிறார்கள். செலவில் பாதி வரிப்பணத்திலிருந்து வருகிறது. நகரசபையே அதை நடத்துகிறது. பராமரிப்பு பெறும் முதியவருக்குத் திட்டம் வகுத்து, வைத்தியரையும் தாதியையும் பணியாளரையும் இணைத்துக் கொடுக்க ஒரு பராமரிப்பு மானேஜர் உண்டு. கட்டை கொடுப்பவர் என்று நாம் சொன்னவர் அவரே.

அவ்வளவு செல்வம் நமக்கு ஏது என்று கேட்பவர், அண்டையிலுள்ள கேரளத்தைப் பார்க்கலாம். 1993-இல் கோழிக்கோட்டில் சில டாக்டர்களும் நண்பர்களும் சேர்ந்து நோவு தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அண்டை வீட்டாரும் மாணவர்களும் வியாபாரிகளும் அதில் தொண்டர்களாய்ச் சேர்ந்தனர். மலப்புறம் ஜில்லாவில் அது தெருத்தெருவாய்ப் பரவிற்று. 2008-இல் கேரள சர்க்கார் அதையே கொள்கையாக ஏற்று, பஞ்சாயத்துக்கள் வாயிலாக வீடுதேடித் தாதிகளை அனுப்பலாயிற்று.

அதனினும் அருகே, நமது ராஜ்யத்திலேயே முன்மாதிரி உண்டு. இங்கே ஒரு பெண் கருவுற்றால் அவள் பெயர் பதிவாகிறது. ஓர் எண் கிடைக்கிறது. அவளுக்கென்று ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் பொறுப்பாகிறார். எத்தனை மாதம், எத்தனை ஊசி, எங்கே பிரசவம் என்பதெல்லாம் ஏட்டில் ஏறுகின்றன. அப்படியும் ஒரு தாய் பிரசவத்தில் இறந்துவிட்டால், ஏன் இறந்தாள், எங்கே தாமதம் நேர்ந்தது என்று விசாரணை நடக்கிறது. தமிழ்நாட்டில் பிரசவ மரணம் இறங்கியதற்கு இந்த ஒழுங்கு ஒரு முக்கிய காரணம். உலகுக்குள் வருகிற உயிருக்கு இவ்வளவு ஒழுங்கு செய்யத் தெரிந்த சர்க்காருக்கு, உலகில் நெடுங்காலம் உழைத்து ஓய்ந்த உயிருக்கும் அதைச் செய்யத் தெரியாதா?

ஆகவே நமது யோசனை இது. ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்தின் எல்லையிலும், தாமே எழுந்து நடமாட இயலாதவர், தனியே வாழ்பவர், ஒருமுறை விழுந்தவர், மறதி நோய் கண்டவர் ஆகிய முதியோரின் பெயர்களைப் பதிவு செய்ய வேண்டும். சமவெளியில் ஐயாயிரம் ஜனங்களுக்கு ஒரு துணை நிலையம் என்பது கணக்கு. அதில் முதியோர் அறுநூறு, எழுநூறு பேர் இருப்பார்கள். மேற்சொன்ன நிலையில் உள்ளவர் அவர்களுள் ஒரு பகுதியினரே. அவர்களுக்கென்று ஒரு தாதியைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும். ஏற்கனவே தாய் சேய் வேலையில் மூழ்கியுள்ள செவிலியரின் தலையில் இதையும் ஏற்றுவது நியாயமாகாது. புதிய ஸ்தானம் வேண்டும். முதியவர் கையில் ஒரே நோட்டுப் புஸ்தகம் இருக்க வேண்டும்; சர்க்கார் டாக்டரும் தனியார் டாக்டரும் மருந்தை அதிலேயே எழுத வேண்டும். ஆறு மாதத்துக்கொருமுறை எல்லா மருந்துகளையும் ஒருங்கே பார்த்து, வேண்டாததை நீக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு முதியவரை அனுப்பும் முன்னர் அத்தாதிக்குத் தகவல் போக வேண்டும். பராமரிக்கும் பெண்ணுக்குப் பயிற்சியும், மாதத்தில் சில நாள் ஓய்வு பெற மாற்று ஆளும் பஞ்சாயத்தின் செலவில் கிடைக்க வேண்டும்.

முதியவரின் சொல்

இத்தனை பேரைப் பற்றிப் பேசினோம். எல்லாருக்கும் முதன்மையானவர் அந்த முதியவரே. அந்த நோட்டுப் புஸ்தகத்தின் முதற்பக்கத்தில் நோயின் பெயருக்கு முன்னால் அவருடைய விருப்பம் எழுதப்பட வேண்டும். எதை அவர் பெரிதாக மதிக்கிறார், எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், கடைசி நாட்களை எங்கே கழிக்க விரும்புகிறார் என்பதை அவரே சொல்லட்டும். மீட்சியில்லாத நிலையில் இயந்திரங்களால் உயிரை நீட்டவேண்டாமென்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையைச் சுப்ரீம் கோர்ட்டு 2018 மார்ச் 9-இல் அங்கீகரித்தது; 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட்டில் பதிவுபெற்ற அதிகாரி ஒருவரின் அத்தாட்சியும் இருந்தால் போதும். சொத்துக்கு உயில் எழுதுவதில் நாம் காட்டும் அக்கறையில் கால் பங்கையேனும் உடம்புக்குக் காட்டலாகாதா? பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் தவிக்கும் அந்த இரவில், தந்தையின் கையெழுத்துள்ள ஒரு காகிதம் எவ்வளவு பெரிய துணை என்பது அனுபவித்தவர்களுக்கே தெரியும்.

பொதுத்தொண்டில் ஈடுபட்டுள்ள நமது நேயர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டம் ஏட்டில் இருப்பது போதாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. உங்கள் ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் காலையில் போய்ப் பாருங்கள். முதியோருக்குத் தனி வரிசை உண்டா? அவர்களுக்கென வார்டு இருக்கிறதா, அல்லது போர்டு மட்டும் தொங்குகிறதா? வார்டுக்குத் தலைமை தாங்கும் டாக்டர் யார்? கண்டதைக் குறித்துக்கொண்டு தகவல் உரிமைச் சட்டப்படி கேள்வி கேளுங்கள். அடுத்த கிராம சபையில், “நமது ஊரில் படுத்த படுக்கையாய் உள்ளவர் எத்தனை பேர்? அவர்களைப் பார்க்க யார் போகிறார்?” என்று ஒரு கேள்வியை எழுப்பி, விடையைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவரிடமும் அதையே கேளுங்கள். முதியோர் வாக்குச் சாவடிக்கு நடந்து வர இயலாதிருக்கலாம். அவர்களுக்காகக் கேட்க உங்களுக்கு நாவு இருக்கிறது.

அதற்கெல்லாம் முன்னே, இன்று வீடு திரும்பியதும் உங்கள் வீட்டுப் பெரியவரின் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். எது எதற்கு, யார் கொடுத்தது என்று அவரையே கேளுங்கள். தெரியாததை ஒரு காகிதத்தில் எழுதி நாளை டாக்டரிடம் கொண்டு போங்கள். யார் பொறுப்பு என்ற கேள்விக்குச் சர்க்கார் விடை சொல்லும் வரையில், அந்த ஒருவர் நீங்களாக இருக்கத் தடை ஒன்றுமில்லை.